பேர் சொல்லாம அரைச்ச மொளகா

தும்மல் வருதுங்களா? எம்பட பைதானுங்க. வரமொளகா. ஒரு கை அளவுதான், ஆனா நல்ல காரமாப் பாத்து வாங்கியிருக்கேன், அதான் நெடி. ஜன்னலச் சித்த நகத்துங்க, காத்து வரட்டும். நீங்களும் ஆனமலைதானுங்களா? கோயிலுக்கா? பேத்திக்கு மொட்டையா, நல்லதுங்க. கொழந்த நல்லா இருக்கட்டும். நான் அந்த மாதிரிக் காரியத்துக்குப் போகலைங்க. மாசாணியாத்தா கோயிலுக்கு ஒருத்தி மொளகாயோட போறான்னா எதுக்குப் போவான்னு உங்களுக்குத் தெரியாததா.

ஒருத்தன் நாசமாப் போகோணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

சொத்துத் தகராறெல்லாம் இல்லைங்க. சொத்துன்னா போய்த் தொலையுதுன்னு விட்டிருப்பேன். இது எம்பட பொண்ணு வாழ்க்கை. ஒரே பொண்ணு, சிந்துஜான்னு பேரு. ஜெர்மனியில படிக்கறா. அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவன் மோகன்ராஜுன்னு ஒருத்தன். ஈரோட்டுல வெளிநாட்டுப் படிப்புக்குப் பசங்கள அனுப்பற ஆபீஸ் வெச்சிருக்கான். வெளியாளும் இல்லைங்க, எங்க வீட்டுக்காரருக்குப் பங்காளி. ஒரே குலம், ஒரே கோயில். என்னைய அண்ணின்னு கூப்பிடுவான், சிந்துவுக்குச் சித்தப்பன் மொறை. கூட இருந்தே குழி பறிக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதுதான்.

பொள்ளாச்சி தாண்டி இப்பத்தான வந்திருக்கோம், சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயத்தச் சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரு மஞ்ச மண்டி வெச்சிருக்கறாரு. தனபால்னு சொன்னா ஈரோட்டுல எல்லாத்துக்கும் தெரியும். பொண்ணு இஞ்சினியர் படிப்ப முடிச்சுட்டு மேல படிக்க ஜெர்மனிக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி, நம்ம ஆளே ஆபீஸ் வெச்சிருக்கறப்ப எதுக்கு வெளிய போறதுன்னு மோகன்ராஜுகிட்டப் போனோம். ஏசி ரூமுல உக்கார வெச்சு, பொண்டாட்டி சுமதிய விட்டு டீ குடுத்து, மரியாதையாத்தான் பேசுனான். காலேஜு, விசா எல்லாம் பேசி முடிச்சுட்டுக் கடைசியா இன்சூரன்ஸ்ல வந்து நின்னான்.

"அண்ணி, அங்க இன்சூரன்ஸ் இல்லாம காலேஜுல சேத்தவே மாட்டாங்க. ரெண்டு தினுசு இருக்குது. அரசாங்கத்துது ஒண்ணு, அதுக்கு மாசாமாசம் சாஸ்தியாக் கட்டோணும். ஆனா பழைய வியாதி இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, எல்லாத்தையும் பாத்துக்குவாங்க. இன்னொண்ணு தனியாரு. கொறச்சலாக் கட்டுனாப் போதும், ஆனா ஏற்கெனவே இருந்த வியாதின்னா கைய விரிச்சிருவான். அதனால கேக்கறேன், பாப்பாவுக்கு முந்தி ஏதாவது ஒடம்புக்குன்னு..." அப்படின்னு இழுத்தான்.

நான் சுமதியப் பாத்தேன். கையில டீத் தட்டோட நின்னுட்டிருக்கறா, காது மட்டும் எங்ககிட்ட இருக்குது. அவகிட்டக் காலையில ஒரு சேதியச் சொன்னீங்கன்னா மத்தியானம் காங்கேயத்துல கேக்கலாம். அவ முன்னாடி வெச்சுக் கேக்கறானே, அறிவிருக்கா அவனுக்கு?

"எம்பட பொண்ணுக்கு ஒரு தலவலின்னு வந்ததில்ல மோகனு. அந்தச் சின்னதே போதும்"னுட்டேன். சாஸ்தியாக் கட்ட எங்களுக்கு வக்கில்லாம இல்லைங்க. ஆனா நோயாளிக்கு எடுக்கற இன்சூரன்ஸ நல்லா இருக்கற பொண்ணுக்கு எடுத்தா, ஏன் எடுக்கறாங்கன்னு சுமதி ரோசிக்க மாட்டாளா? ஒரு காரணம் இல்லாம தனபால் வீட்டுல சாஸ்தி கட்டுவாங்களான்னு ஒறம்பரைக்குள்ள ஒரு பேச்சு வந்துராதா? சின்னது எடுத்தாத்தான் பொண்ணு கல்லுக்குண்டாட்டம் இருக்கறான்னு அர்த்தம். அந்த நேரத்துல எனக்கு அப்படி ஒரு புத்தி வந்துச்சுன்னு நானே மெச்சிக்கிட்டேன்.

சிந்து "அம்மா"ன்னா. தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனேன், வாய மூடிக்கிட்டா. வீட்டுக்காரரு கூரையப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அவரு எப்பவும் அப்படித்தான்.

காருகிட்ட வந்தப்ப அவன் மறுபடியும் பின்னாடியே வந்தான். "அண்ணி, எனக்கு மட்டும் சொல்லுங்க. சுமதிகிட்டக்கூடப் போகாது. பின்னால மாத்தோணும்னா அங்க மாத்த முடியாதுங்க"ன்னான். நான் சிரிச்சுக்கிட்டே, "ஏன் மோகனு, எம்பொண்ணப் பாத்தா நோயாளியாட்டத் தெரியுதா உனக்கு?"ன்னு கேட்டேன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. சரிங்கண்ணின்னுட்டு உள்ள போயிட்டான்.

இங்கதான் பாருங்க. எத்தன பசங்கள அனுப்பறவன் அவன். ஒரு பொம்பள சிரிச்சு மழுப்பறான்னா உள்ள ஏதோ இருக்குதுன்னு புரிய வேண்டாமா? எங்களக் கேக்காமயே அந்தப் பெரிய இன்சூரன்ஸப் போட்டு விட்டிருந்தா நான் என்ன அவன அடிக்கவா போறேன்? செய்யல. சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டான். அலட்சியம். பங்காளி பொண்ணுதானேன்னு ஒரு எளக்காரம்.

என்ன இருந்துச்சுன்னா கேக்கறீங்க? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க உடுமலைக்காரங்கன்னு சொன்னீங்க, இனி எங்க பாக்கப் போறோம். கிட்ட வாங்க. வலிப்புங்க. மூணாப்புப் படிக்கறப்ப வந்துச்சு. மாத்திர போட்டா வராது, விட்டா வரும், அவ்வளவுதான். பெரிய வியாதியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா பொட்டப் புள்ளைக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னா முடிஞ்சுது. ஊர் வாய மூட உலைமூடியா இருக்குது?

அதனால நான் அது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம அவள வளத்துனேன். ஈரோட்டு மருந்துக் கடையில ஒரு நாளு மாத்திர வாங்குனதில்லீங்க. கோயமுத்தூருல ஒரு டாக்டரு, அங்கயே வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பழைய சீட்டயெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, கால்சியம் மாத்திர டப்பாவுல கொட்டி வெப்பேன். கல்யாணம், நோம்பின்னு நாலு பேரு வீட்டுக்குப் போனா, பாத்ரூமுக்குள்ள போயித்தான் முழுங்கோணும், தண்ணி இல்லீன்னாலும் பரவால்ல. அவளுக்கு நெருங்குன சிநேகிதிக்குக்கூடத் தெரியாது. அப்படிக் கட்டிக் காத்தேனுங்க. எந்தத் தாயி செய்வா அத்தனையும்?

பலனும் கெடைச்சுது. வெள்ளக்கோயில்ல ஒரு பெரிய குடும்பம், எண்ண மில்லு, ஒரே பையன், அவனும் வெளிநாட்டுல வேலை. பொண்ணு போட்டோவப் பாத்துட்டு அவங்களே கேட்டு வந்தாங்க. படிப்பு முடிஞ்சு வந்தவுடனே நிச்சயம்னு வாய் வார்த்தையா முடிவாயிருச்சு. எங்க குலத்துல அப்படி ஒரு எடம் இது வரைக்கும் யாருக்கும் அமஞ்சதில்ல. சுமதிக்கு வயிறு எரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும்.

சரி, பொண்ணு ஜெர்மனி போய்ச் சேந்தா. போகறப்ப மாத்திரயெல்லாம் நெறையத்தான் குடுத்து விட்டேன். அது தீருச்சு. கூரியர்ல அனுப்பிச்சேன், அங்க கஸ்டம்ஸ்ல புடிச்சு வெச்சுக்கிட்டு, டாக்டர் சீட்டுக் கொண்டான்னுட்டாங்களாம். சீட்டத்தான் நான் பிச்சுப் போடறவளாச்சே. புதுசா எழுதி வாங்கி அனுப்பலாம்னா அதுல வியாதிப் பேரு இருக்குமே. இவ போன் பண்ணி, "அம்மா, நான் இங்கயே ஒரு டாக்டருகிட்டப் போயி எழுதி வாங்கிக்கறேன்"ங்கறா. நான் விடுவேனா? அவகூட ரூமுல இருக்கறவ எங்க பக்கத்து ஊரு, கோபிக்காரி. டாக்டரு, சீட்டு, மாத்திரைன்னா அவ என்ன ஏதுன்னு கேக்க மாட்டாளா? அதுவுமில்லாம இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிஞ்சா, சொல்லாம மறைச்சீங்கன்னு எழுதீருவானில்ல? "கண்ணு, இருக்கறத ஒருநா விட்டு ஒருநா போட்டுக்கோ, அதுக்குள்ள யாராச்சும் ஊருல இருந்து வருவாங்க, குடுத்து விடறேன்"னு சொன்னேன். நல்லதுக்குத்தானங்க சொன்னேன்.

யாரும் வரல. அவ ரயில் ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்தப்ப வந்துருச்சு. விழுந்ததுல மண்டையில அடி. உள்ள ரத்தம் கட்டிக்கிச்சுன்னு ஆபரேஷன். சேதி வந்தப்ப நான் மண்டி வாசல்ல இருந்தேன், அப்படியே மஞ்ச மூட்ட மேல சாஞ்சுட்டேன். பெத்த வயிறுங்க.  விசா இல்லாம நாங்க போகவும் முடியல, அவ அங்க யாருமில்லாம கெடக்கறா.

அந்த நெலமையில இவ ஒரு வேல பண்ணுனா பாருங்க. முழிச்சு வந்ததும் டாக்டரு, முந்தி இந்த மாதிரி வந்திருக்குதான்னு கேட்டாராம். இவ சின்ன வயசுல இருந்து இருக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டா. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? எத்தன வருசமாச் சொல்லிக் குடுத்தேன். டாக்டருகிட்டப் பொய் சொன்னாத் தப்பான மருந்து குடுத்துருவாங்கம்மாங்கறா. இன்சூரன்ஸ்காரன் அதப் புடிச்சுக்கிட்டான். பழைய வியாதி, மறைச்சிருக்கீங்க, ஒரு பைசாத் தர மாட்டோம்னுட்டான்.

ஆஸ்பத்திரிக்காரங்க கேட்ட தொகையச் சொன்னா இந்த பஸ்சே நின்னுரும். வீட்டுக்காரரு மண்டிய அடமானம் வெக்கறேன்னு கெளம்பிட்டாரு. அப்பத்தான் அந்த மோகன்ராஜு வந்து, "அண்ணா, அவசரப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்"னான். சரி, பண்ணுன பாவத்துக்கு ஓடியாரான், என்னமோ செய்யட்டும்னு விட்டேன். என்ன செஞ்சான் தெரியுங்களா? அதக் கேளுங்க. வயிறு எரியுது எனக்கு.

எம்பொண்ணு போட்டோவப் போட்டு, தலையில கட்டோட இருக்கற போட்டோ, "சின்ன வயசு முதல் வலிப்பு நோய் உள்ள மாணவி, சிகிச்சைக்கு உதவுங்கள்"னு எழுதி, வாட்ஸப்புல, பேஸ்புக்குல, அங்க இருக்கற தமிழ் ஆளுக கிட்டயெல்லாம் தாட்டி விட்டுட்டான். நாலு எடம் போச்சுன்னா போகட்டும். எங்க குலத்துக் குரூப்புலயே போட்டான். எங்க குலத்துக் குரூப்புல! வலிப்புன்னு எழுதாம விபத்துன்னு எழுதியிருந்தா ஆகாதா? கேட்டேன், நேராவே கேட்டேன். "பொய்யச் சொல்லிக் காசு வாங்குனா நாளைக்குத் தெரிஞ்சா மறுபடி சிக்கல் அண்ணி. இப்பப் பட்டதே போதாதா?"ங்கறான். எனக்குப் பாடம் எடுக்கறான்.

பணம் வந்துச்சு. இல்லைங்கல. முகந்தெரியாத சனமெல்லாம் குடுத்துச்சு. அவளும் பொழச்சுக்கிட்டா, இப்ப எந்திரிச்சு நடந்து காலேஜுக்கும் போறா. ஆனா வெள்ளக்கோயில் எடம்? "பொண்ணு ஒடம்பு மொதல்ல தேறட்டும்"னு ஒரு வார்த்த சொன்னாங்க, அதோட போன எடுக்கறதில்ல. கொஞ்ச நாள்லயே பையனுக்குத் தாராபுரத்துல நிச்சயம் ஆயிருச்சு. நான் வருசக்கணக்காப் பொத்திப் பொத்தி வெச்சத ஒரே பொழுதுல பந்தி போட்டுட்டான் அந்தப் படுபாவி. இன்சூரன்ஸ்ல பண்ணுன தப்ப மறைக்கறதுக்கு எம்பொண்ணு மானத்த வித்துட்டான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற பய.

விட்டனா நானு? அவன் ஆபீசுக்குப் போனேன். பத்துப் பதினஞ்சு பேரு பசங்களோட உக்காந்திருக்கறாங்க. நடு ஹால்ல நின்னு கத்துனேன். இவன நம்பாதீங்க, இன்சூரன்ஸ்னு சொல்லி உங்க புள்ளைகளக் கொன்னுபோடுவான்னு. சுமதி வந்து கையப் புடிச்சா, ஒதறித் தள்ளுனேன். அவனோ, "அண்ணிக்குத் தண்ணி கொண்டா"ங்கறான். அந்தத் தண்ணிய அவன் மேசையிலயே ஊத்திட்டு வந்தேன். அப்பறம் குலதெய்வம் கோயில் நோம்பிக்கு அவனத் தள்ளி வெக்கோணும், வரி வாங்கக் கூடாதுன்னு பெரியவங்க கிட்டப் போய் நின்னேன். எவனும் எம்பக்கம் பேசல. பூசாரி என்ன சொன்னாருன்னா, "அம்மணி, உம்பொண்ணு உசுரக் காப்பாத்துனவனப் போயி"ங்கறாரு. எல்லாருக்கும் வாய்க்கரிசி போட்டிருப்பான் போல.

மனுசங்ககிட்ட நாயம் கெடைக்காதுன்னு தெரிஞ்ச பொறகுதான் ஆத்தாகிட்ட வந்தேன். சித்திரையில. மொளகாய ஆட்டி, அந்த நீதிக்கல்லு மேல என்னோட ரெண்டு கையாலயும் பூசுனேன். கண்ணுல தண்ணியாக் கொட்டுது, விடல. பக்கத்துல ஒரு அம்மா, அவங்களும் அரைச்சுட்டிருந்தாங்க, "பேரெல்லாம் சொல்லத் தேவையில்ல சாமி, தப்புப் பண்ணுனவங்களக் கேளுன்னு மட்டும் சொல்லு, யாருன்னு அவளுக்குத் தெரியும்"னாங்க. சரின்னு, "எம்பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தது யாரோ, அவங்கள விடாத ஆத்தா. சொந்த சனம் முன்னாடி தலகுனிஞ்சு நிக்க வையி. பெத்த புள்ளையே பேசக்கூடாது அவங்ககிட்ட"ன்னு வேண்டிக்கிட்டேன். அவனுக்கும் ஒரு பையன் இருக்கறானுங்க.

என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல. அதான் கொடும. அவன் சேலத்துல இன்னொரு ஆபீஸ் தெறந்துட்டான். சுமதிக்குக் கழுத்துல புதுசாச் சங்கிலி. இங்க எம்பட வீட்டுலதான் ஒரு நல்லது இல்ல. கோயிலுக்குப் போயிட்டு வந்த வாரமே குளிக்கற எடத்துல வழுக்கி விழுந்து வலது கை முறிஞ்சுது. வீட்டுக்காரரு சோறு திங்க மட்டும் வாராரு, பேச்சில்ல. நாத்தனா பொண்ணு கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையே வைக்கல, அவருகிட்ட மட்டும் குடுத்துட்டுப் போயிட்டா. சிந்து போனே பண்றதில்ல. அவங்கப்பன்கிட்டப் பேசுவா, மோகன்ராஜு வீட்டுக்குப் பேசுவா, எனக்கு மட்டும் இல்ல. நானா கூப்பிட்டா, கிளாசுல இருக்கேன்னு மெசேஜ் வரும். பெத்தவ என்ன பாவம் பண்ணுனேன்?

ஒரே ஒருக்கா பேசுனா நடுவுல. "அம்மா, இப்ப எல்லாருக்கும் தெரியும். நான் சாப்பிடற மேசையில டப்பாவ வெச்சு எல்லாத்து முன்னாடியும் மாத்திர போடறேன். எத்தன நிம்மதியா இருக்குது தெரியுமா"ன்னா. அடிபட்டதுல புத்தி கொஞ்சம் பெசகிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். என்ன நிம்மதி? கட்டிக்க ஆளு வர வேண்டாமா?

அப்பறம் போன வாரம் அவளே கூப்பிட்டா. அவங்கப்பன் சொல்லியிருப்பாரு போல. எடுத்ததும், "மொளகா அரைச்சியாம்மா?"ன்னா.

"ஆமா. உனக்காகத்தான்"னேன்.

"சித்தப்பா பேரச் சொல்லியா?"

"பேரெல்லாம் சொல்லலடி. உனக்குக் கெடுதல் பண்ணுனது யாரோ, அவங்களக் கேளுன்னு சொன்னேன். யாருன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?"

  அவ்வளவுதானுங்க, அழுகறா. தேம்பித் தேம்பி. மண்டையத் தெறந்து தெச்சுக் கெடந்தப்பக்கூட எங்கிட்ட அழுகாதவ. "அம்மா, நாளைக்கே போயி அந்தக் கல்லத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்துரும்மா. தெரியாமக் கேட்டுட்டேன்னு சொல்லீரும்மா. நீ பண்ணுனதுக்கெல்லாம் நான் உன்மேல கோவமாத்தான் இருக்கேன். ஆனா உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா"ங்கறா.

எனக்கு ஒண்ணும் புரியலைங்க. எனக்கு என்ன ஆகப்போகுது? அரைச்சவ நானு. கேட்டது தப்புப் பண்ணுனவங்கள. எனக்கு எதுக்கு ஆகோணும்?

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அப்பறமா ரோசிச்சேன், வெளங்கிருச்சு. அவளுக்கு அந்தச் சித்தப்பன் மேல எரக்கம். அத நேராச் சொன்னா நான் கத்துவேன்னு எம்மேல வெச்சுச் சொல்றா. அவளையும் மயக்கி வெச்சிருக்கான்.

அதனாலதான் கழுவறதுக்குப் போகலீங்க, மறுபடி அரைக்கப் போறேன். இந்தத் தடவ பேரச் சொல்லி அரைக்கறது. மோகன்ராஜு, அவங்கப்பன் பேரு, ஆபீஸ் இருக்கற வீதி, ஒண்ணு விடாமச் சொல்லப் போறேன். ஆத்தா பெரிய தெய்வந்தான், யாரு இல்லைன்னாங்க. ஆனா தப்புப் பண்ணுனவங்கன்னு பொத்தாம் பொதுவாச் சொல்லிட்டு வந்தா, அவ பாட்டுக்கு யாரப் போய்ப் புடிப்பாளோ, நமக்கென்ன தெரியும்?